முன்னூற்றுப் பதினெட்டாம் எண்ணுக்கு ஒரு பூ ஜாடி

இரண்டாம் மாடி பல்செட்காரர் வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள் என்ற செய்தி நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது நன்றாகப் பெருத்திருந்தது. மாடி ஏறினால் மனிதர்களுக்கு மூச்சு வாங்கும். வதந்திக்குச் சதை போடும். தரைத்தளத்துச் சலவைக்கடையில் அது வெறும் ‘யாரோ வர்றாங்களாம்’. முதல் மாடியில் அந்த யாரோ ஒரு நர்ஸ். மூன்றாம் மாடியில் சொந்த வீடுள்ள விதவை. எங்கள் வாசலைத் தொட்டபோது பதிவுத் திருமணத்துக்குத் தேதியே குறித்தாகிவிட்டது.

“ஐம்பத்தொம்பது வயசுல!” என்றாள் என் மனைவி. கண்டனமா பாராட்டா என்று பிடிபடாத குரல். “போய் விசாரிச்சுட்டுத்தான் வாங்களேன். உங்களுக்கு வேற என்ன வேலை?”

வேறு வேலை இருந்தது. இதைவிட நல்ல வேலை இல்லை.

செய்தியின் வேர் சலவைக்கடையில்தான் இருந்தது. சலவைக்காரர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வக்கீல் போலத் தொண்டையைச் செருமினார்.

“சார், நான் சும்மா பேசறவன் இல்லை. ஆதாரம் இருக்கு. அஞ்சு வாரத்துல மூணு ஃப்ளவர் வாஸ் வாங்கிட்டுப் போனாரு, இந்த வாசல் வழியாத்தான். தனியா இருக்கிற ஆம்பளை எவனாவது தனக்குன்னு வாஸ் வாங்குவானா? நீங்க வாங்குவீங்களா?”

“நான் தனியா இல்லையே.”

“அதான் வாங்கலை. இன்னொண்ணு பாருங்க.” ஒரு மேசை விரிப்பை எடுத்து விரித்தார். நடுவில் தண்ணீர்க் கறை, வட்டமாக. “இத்தனை வருஷமா அவர் எனக்குப் போடறது ரெண்டு பேன்ட், மூணு சட்டை. இப்ப மேசை விரிப்பு வருது. விரிப்பு வந்தா அடுத்தது யார் வருவா?”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆள்தான் பொருந்தவில்லை.

பல்செட்காரரைப் பற்றிக் கட்டடத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதி மிச்சம் இடம் விடலாம். பல் மருத்துவமனைகளுக்காக வீட்டிலேயே செயற்கைப் பல் வரிசைகள் செய்து தருபவர். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால், “ஆகலை” என்பார், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்வது போல. வேறு ஊரில் ஓர் அக்கா. மாதம் ஒரு தடவை போன். “சாப்டியா?” “சாப்டேன்.” “நீ?” “நானும்.” மெல்லிய சுவர் உள்ள கட்டடம், அதனால் இது எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடிச் சாமான் கடை அடுத்த தெருவில். கடைக்காரம்மா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து குவளைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

“அட, அந்த அளவுக்கார அண்ணனா? எல்லாரும் ஜாடியைத் தட்டிப் பாப்பாங்க, தூக்கிப் பாப்பாங்க, அடியில விலை ஒட்டியிருக்கான்னு பாப்பாங்க. இவரு சட்டைப் பையிலேர்ந்து அளவெடுக்கிற இடுக்கி ஒண்ணை எடுத்து ஜாடிக்குள்ள விட்டாரு. ‘உள்விட்டம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர், ஏழு தண்டு நிக்கும்’னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. ஒல்லியா நீளக் கழுத்து வெச்ச வெள்ளைப் பீங்கான் ஒண்ணு எடுத்துட்டுப் போனாரு. அடுத்த வாரமே வந்து நிக்கறாரு. ‘இந்தத் தடவை இருபத்திரண்டு தண்டு வந்திருக்கு’ங்கறாரு, என்னமோ நான்தான் வளர்த்து அனுப்பின மாதிரி. பூ என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா, எண்ணி வரிசையா நிக்க?”

“அப்புறம்?”

“அகல வாய் கண்ணாடி ஒண்ணு கொண்டுபோனாரு. அதுல பூவெல்லாம் விளிம்புல சாஞ்சு படுத்துடுச்சாம். தண்ணி கலங்கினா வெளியில தெரியுதாம், பாக்கச் சகிக்கலையாம். சரின்னு ஒரு மண் ஜாடி. நான் சொன்னேன், உள்ள பூச்சு இல்லாத மண்ணு, கசியும்ணே, கீழ தட்டு வைங்கன்னு. தலையை ஆட்டினாரு. வெச்சிருக்க மாட்டாரு.”

வைக்கவில்லை. வட்டக் கறையை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன்.

“யாருக்காம் இதெல்லாம்?”

“நானும் கேட்டேன். ‘பூவுக்கு’ன்னாரு.”

அன்று மாலை ஒரு திருப்புளி இரவல் கேட்கிற சாக்கில் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினேன். பல்செட்காரர் திறந்தார். மெலிந்த மனிதர்; முன்கையெல்லாம் வெள்ளைத் தூள். திருப்புளி கொடுத்தார். நான் போகவில்லை. “உள்ள வாங்க” என்று சொல்ல அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது, பழக்கம் இல்லாததால்.

அந்த முன்னறை முழுக்க வாய்கள். மூன்று சுவரிலும் பலகைகள். பலகை நிறைய பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், மேலும் கீழும் ஜோடி ஜோடியாக. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பென்சிலால் ஒரு எண். பெயர் கிடையாது. ஜன்னலோரம் வேலை மேசை. அதன்மேல் கீல் வைத்த இரும்புத் தாடை ஒன்று கதவு போலத் திறந்து கிடந்தது. இவ்வளவு வாய் இருந்தும் அந்த வீட்டில் சத்தமே இல்லை.

சாப்பாட்டு மேசையில் மண் ஜாடி, இப்போது அடியில் தட்டுடன். அதில் ஆரஞ்சு நிற ஜெர்பராப் பூக்கள். மேசைக்கு ஒரே நாற்காலி. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் வேலை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பூ ரொம்ப நல்லாருக்கே” என்றேன், கண்ணி வைக்கிற மாதிரி.

அவர் கண்ணியில் விழவில்லை. தானே நடந்து வந்து உட்கார்ந்தார்.

“சார், நான் பத்தொம்பது வயசுல இந்த வேலைக்கு வந்தேன். இந்த வேலையில ஆளைப் பாக்கறதே கிடையாது. டாக்டர் நோயாளி வாயில மாவை அழுத்தி அச்சு எடுப்பாரு. அது பெட்டியில வரும். நான் அதுல பிளாஸ்டர் ஊத்தி, மெழுகுல பல்லு நிறுத்தி, செட் பண்ணி, அதே பெட்டியில திருப்பி அனுப்புவேன். கூட ஒரு சீட்டு வரும். ‘உயரம் கூட.’ ‘இடப் பக்கம் உரசுது.’ ‘பேசினா விசில் அடிக்குது.’ சரியா இருந்தா சீட்டே வராது. நாப்பது வருஷமா சரியா இருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்னா, ஒண்ணும் வராததால தெரியும்.”

ஆறு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, பெட்டியோடு ஒரு பூங்கொத்து வந்தது. தண்டைச் சுற்றிய ரப்பர் பேண்டில் ஒரு சீட்டு செருகியிருந்தது. ‘318: பொருந்தியது.’

“அவ்வளவுதான் எழுதியிருந்தது?”

“அவ்வளவு எழுதினவங்க யாரு சார் இதுவரைக்கும்?”

வீட்டில் ஜாடி இல்லை. பிளாஸ்டர் கலக்கும் ரப்பர் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தாராம். அது வளைந்து பூவைத் தரையில் கொட்டிவிட்டது. தண்ணீர் ஜக்கில் வைத்தால் கூட்டமான பஸ்ஸில் படியில் தொங்குகிற மாதிரி தொங்கின. அப்புறம்தான் கடை. தொழில் புத்தி விடாது அல்லவா. அச்சு பார்த்துப் பல் செய்கிற மாதிரி, பூவின் தண்டை அளந்து ஜாடி வாங்கினார். அடுத்த சனிக்கிழமை வேறு பூ, வேறு கனம், வேறு எண்ணிக்கை. ஒரு வாரம் பொறுமை இழந்து தானே ஒரு ஜாடி வார்த்தார், கையிலிருந்த அக்ரிலிக்கில். பல்செட்டுக்கான அக்ரிலிக் ஒரே நிறத்தில்தான் வரும், ஈறு நிறத்தில். வெள்ளை ரோஜாக்களை அதில் நிறுத்தினால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

“சிரிக்கற மாதிரி இருந்தது சார்” என்றார். “நானும் சிரிச்சேன். அப்புறம் பிரஷ் வெச்சுக்க எடுத்துக்கிட்டேன்.”

“யாரு அந்த முன்னூத்திப் பதினெட்டு?”

எழுந்து போய்ப் பலகையிலிருந்து ஒரு ஜோடியை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். “சின்னத் தாடை. பொம்பளையாத்தான் இருக்கணும். அறுபது தாண்டியிருக்கும். நிதானமா மெல்லுறவங்க.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். “நான் போன தடவைக்கு முந்தின பெட்டியில ஒரு கடுதாசி வெச்சேன். வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, பூவெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்க வரலாம்னு. விலாசம் போட்டேன்.”

“பதில்?”

“போன வாரம் பூ வந்துதே. எப்பவும் வர்றதைவிடக் கொஞ்சம் அதிகமா.” அதைவிடத் தெளிவான பதில் உலகத்தில் உண்டா என்பது போலப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். “எனக்கு வேற எதுவும் வேண்டாம் சார். நான் பண்ணின பல்லு ஒரு தடவை என் எதிர்ல உக்காந்து பேசணும். நான் கேக்கணும்.”

திருப்புளியோடு மாடி ஏறினேன். “என்ன ஆச்சு, யாராம்?” என்றாள் மனைவி. “பெண் பார்த்தாச்சு. தாடை மட்டும்” என்றேன். அவள் முறைத்தாள்.

விசாரணை என்று இறங்கிய பிறகு பாதியில் நிறுத்தினால் மரியாதை இல்லை. மறுநாள், பூவோடு பெட்டி வருகிற அந்தப் பல் மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பு மேசையில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. கழுத்தில் சங்கிலிக் கண்ணாடி, முன்னால் புதுக் கம்ப்யூட்டர்.

“எந்தப் பல்லு சார்?”

“இன்னும் முடிவு பண்ணலை.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமைப் பூ என்றதுமே டாக்டர் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். “மெதுவா சார்! அந்தம்மா காதுக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும்.”

அந்தம்மா என்பது டாக்டரின் மனைவி. கிளினிக் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, வருஷம் முழுக்க சனிக்கிழமைதோறும் வரவேற்பறைக்குப் பூ வர ஏற்பாடு செய்தவர். டாக்டருக்கோ பூவைக் கண்டால் தும்மல். பல் மருத்துவர் தும்முகிற நேரத்தில் ஊசி யார் வாயில் இருக்கும் என்பதுதான் பிரச்சினை. மனைவியிடம் சொல்லத் தைரியம் இல்லை. மனைவிக்குத் தெரியாமல் பூ வாங்கிக் கொடுக்கிற கணவன்மாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் பூவைக் கடத்தி வெளியே அனுப்புகிறவரை இப்போதுதான்.

“பத்து மணிக்குப் பூ வரும். பத்தரைக்குப் பல்செட் பெட்டி போகும். அதோட சேத்து அனுப்பிடுவேன். குப்பையில போட மனசு வரலை, அவ்வளவுதான்.”

“அந்தச் சீட்டு? ‘பொருந்தியது’ன்னு?”

“இதோ, இந்தச் சனியன்.” கம்ப்யூட்டரைத் தட்டினார். “புதுசா போட்டாங்க. ஒவ்வொரு நம்பருக்கும் ஏதாவது எழுதினாத்தான் கணக்கை மூட விடுது. ‘பொருந்தியது’ன்னு போட்டு மூடினேன். நகல் ஒண்ணு பல் செஞ்சவருக்கும் போகணும்னு காட்டிச்சு, அந்த ஒரு தடவை அச்சடிச்சேன். காணாமப் போயிடக் கூடாதேன்னு ரப்பர் பேண்டுல செருகினேன்.”

“அப்ப முன்னூத்திப் பதினெட்டு யாரு?”

தேடிப் பார்த்தார். “ஓ, இவரா! லாரி ஓட்டினவரு. மீசை இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும். மகன் ஊரோட போயிட்டாரு, போன் நம்பரும் மாறிடுச்சு.”

பல்செட்காரரின் கடிதம் கோப்பில் இருந்தது. பிரிக்கவே இல்லை, பல்லைப் பற்றித்தான் ஏதோ எழுதியிருக்கிறார் என்று அந்த அம்மா பின் அடித்து வைத்திருந்தார். இப்போது பிரித்துப் படித்தார். நான்கு வரி. படிக்க நான்கு வரிக்கான நேரம் போதவில்லை அவருக்கு. உள்ளே டாக்டர் ஒரு தடவை தும்மினார்.

“அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?” என்றேன்.

“என்னன்னு சார் சொல்றது? இத்தனை வாரமா உங்க வீட்டுக்கு வந்தது எங்க டாக்டரோட தும்மல்னா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் போறேன். நான்தான் அந்த நம்பர்னு சொல்லிக்கிறேன். ஒரு டீ, ஒரு மணி நேரம். யாருக்கு என்ன நஷ்டம்?”

எனக்கும் அப்போது அது நல்ல யோசனையாகவே பட்டது. பொய் சொல்லப் போகிறவர் வேறொருவர் என்றால் எல்லா யோசனையும் நல்லதாகத்தான் படும்.

சனிக்கிழமை மத்தியானம் பல்செட்காரர் என் கதவைத் தட்டினார். அன்று வந்த கொத்திலிருந்து மூன்று பூக்கள், செய்தித்தாளில் சுற்றிக் கையில். வெளிர் மஞ்சள் ரோஜா, நீளத் தண்டு.

“ஜாடிக்கடைக்குக் கூட வர்றீங்களா? எனக்குத் திரும்பவும் தப்பாயிடும்போல இருக்கு.”

போனோம். கடைக்காரம்மா எழுந்து வந்துவிட்டார். பல்செட்காரர் பையிலிருந்து இடுக்கியை எடுக்க, அவர் கையை நீட்டினார்.

“அதைக் குடுங்கண்ணே. குடுங்க. ஜாடி வாங்கி முடிக்கிற வரைக்கும் அது என்கிட்ட இருக்கட்டும்.” வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் போட்டார். “இப்பச் சொல்லுங்க. எங்க வைக்கப் போறீங்க? மூலையிலயா, ஜன்னல்லயா?”

“மேசையில. நடுவுல.”

“சாப்பிடற மேசையா? சுத்தி உக்காருவாங்களா?”

“ஒருத்தர் இந்தப் பக்கம். ஒருத்தர் அந்தப் பக்கம்.”

“சரி. எதிர்ல உக்கார்றவங்க முகம் தெரியணுமா, மறைக்கணுமா?”

பல்செட்காரர் கையிலிருந்த பூக்களைப் பார்த்தார்.

“ஏன் கேக்கறேன்னா, சில பேருக்கு மறைக்கணும். என் வீட்டுக்காரருக்கு எதிர்ல நான் ஒரு முழ ஜாடிதான் வைப்பேன், சாப்பாடு இறங்கணும்ல. முகம் தெரியணும்னா இதெல்லாம் ஆகாது.” ஒரு வரிசை உயர ஜாடிகளைக் கையாலேயே தள்ளி ஒதுக்கினார். “உக்காந்தா பூ தாடைக்குக் கீழ நிக்கணும்.”

“தெரியணும்” என்றார் பல்செட்காரர்.

“இவ்வளவு நாளா நீங்க பூவை அளந்தீங்க, ஜாடியை அளந்தீங்க. எதிர்ல ஆள் இருக்குன்னு சொல்லவே இல்லையே.”

“இருந்ததில்லை.”

கடைக்காரம்மா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய்ப் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். குட்டையானது, ஒரு சாண் உயரம்கூட இல்லை. தடித்த அடி, வயிறு பெருத்துக் கழுத்தில் லேசாக இறுகி, விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருந்தது. உள்ளே பூச்சு, நிறம் மழைக்கால வானச் சாம்பல். “அடி கனமா இருக்கு, சாயாது. கழுத்து பூவைக் கூட்டிப் பிடிக்கும். நிறம் இல்லாததால எந்தப் பூவோடயும் சண்டை போடாது.” கத்தரிக்கோலை எடுத்தார். “ஆனா தண்டை வெட்டணும்ணே. பாதிக்கு மேல. ஜாடி உயரம் ஒண்ணுன்னா பூ ஒண்ணரை, அவ்வளவுதான்.”

“பாதியா?”

“அனுப்பினவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.”

நான் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டேன். கத்தரிக்கோல் மூன்று தடவை சத்தம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு அவர் வீட்டுக்கு என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். “ரெண்டு பேர் மட்டும்னா பேச்சு வராது சார், நீங்களும் இருங்க” என்று கேட்டிருந்தார். மேசையில் துவைத்த விரிப்பு. நடுவில் சாம்பல் ஜாடி, அதில் கட்டையாக வெட்டிய மஞ்சள் ரோஜாக்கள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன. அவர் புதிதாகத் தேய்த்த சட்டையில் நிமிர்ந்து நின்றார். பலகையில் இருந்த தாடைகளையெல்லாம் ஒரு துணியால் மூடியிருந்தார், வீட்டில் வேறு ஆட்கள் இருந்து அவர்களை உள்ளே போகச் சொன்ன மாதிரி.

நாலு பத்துக்கு அழைப்பு மணி. வரவேற்புப் பெண்மணி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

“நான்தான் சார்... முன்னூத்திப் பதினெட்டு” என்று சிரித்தார்.

பல்செட்காரர் அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான். “வாங்க, உக்காருங்க” என்றார்.

டீ ஊற்றினார். மூன்று கோப்பையிலும் ஒரே அளவு. அவர் எதுவும் கேட்காததால் அந்த அம்மா தானே ஆரம்பித்தார். பூ அழகு. ஜாடி பிரமாதம். வீடு எவ்வளவு சுத்தம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “பல்லு ரொம்ப நல்லாப் பொருந்தியிருக்கு சார். வேர்க்கடலைகூடக் கடிக்கறேன்” என்றார்.

“கடிக்கலாம் மேடம்” என்றார் பல்செட்காரர் மெதுவாக. “எல்லாம் உங்க சொந்தப் பல்லு.”

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்கும். ஒரே ஒருவரிடம்தான் செல்லாது. அவரிடம் போய் அதைச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தோம், படித்தவர்கள் இரண்டு பேர். ஜாடி குட்டையாக இருந்ததால் பூவுக்குப் பின்னால் ஒளியவும் வழி இல்லை.

அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் மனைவி, தும்மல், குப்பைத்தொட்டி, கம்ப்யூட்டர், லாரிக்காரர், மீசை. குறுக்கே நான் ஏதோ சொல்லப் போனேன். அவர் பல்செட்காரரைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார். டீயில் ஏடு படிந்தது.

“அப்ப ‘பொருந்தியது’ன்னு எழுதினது?”

“ஏதாவது எழுதணுமேன்னு எழுதினேன் சார்.”

“பொருந்திச்சா இல்லையான்னு?”

“தெரியாது. அவர் திரும்பி வரலை. வரலைன்னா பொருந்திச்சுன்னுதானே சார் அர்த்தம்?”

“சில பேர் கழட்டி டப்பாவுல போட்டு வெச்சுடுவாங்க” என்றார் பல்செட்காரர். “அவங்களும் வர மாட்டாங்க.”

எழுந்து வேலை மேசைக்குப் போனார். அங்கே ஒழுங்காக இருந்த கருவிகளை மறுபடி ஒழுங்காக வைத்தார். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று அந்த அம்மா என்னைக் கண்ணால் கேட்டார். நான் ஆறிய டீயை எடுத்துக் குடித்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது, வேலை செய்கிற குரல்.

“மேடம், நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க.”

“நானா?”

“பின்னாடி ரெண்டு பக்கமும் முனை தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிருக்கு. பேசும்போது தெரிஞ்சுது. அஞ்சாறு வருஷமா கடிக்கறீங்க.”

அந்த அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “காலையில தாடை வலிக்கும். தலையணை சரியில்லைன்னு நாலு தலையணை மாத்தினேன்.” பிறகு சிரிக்கப் பார்த்தார். “கடிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? பக்கத்துல யாராவது இருந்தாத்தானே சொல்லுவாங்க.”

“நான் குறட்டை விடுவேனான்னு எனக்கும் தெரியாது” என்றார் பல்செட்காரர்.

மூன்று பேரும் ரோஜாவைப் பார்த்தோம். எனக்கு நான் குறட்டை விடுவது தெரியும். தினமும் காலையில் அறிக்கை வருகிறது. அதை அங்கே சொல்லவில்லை.

“மெல்லிசா ஒரு தகடு பண்ணலாம்” என்றார் அவர். “படுக்கும்போது மேல் பல்லுல மாட்டிக்கணும். கடிச்சா அதுதான் தேயும், பல்லு தேயாது. நான் பண்ணித் தரேன். ஆனா வாயில அளவு எடுக்கறது என் வேலை இல்லை, அது டாக்டர்தான் எடுக்கணும். அளவை மட்டும் அனுப்புங்க.”

“உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? நான் செஞ்சதுக்கு...”

“அளவை அனுப்புங்க மேடம்.”

“சரி. சனிக்கிழமை பெட்டியில அனுப்பறேன்.”

ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டார். படியில் இறங்கும் சத்தம் தரைத்தளம் வரை கேட்டது. கடைசியில் சலவைக்கடை வாசலில் மட்டும் கொஞ்சம் வேகம் கூடியது. பல்செட்காரர் மூன்று கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தார். நாற்காலியை நான் தூக்கப் போனபோது, “அவசரமா வேணுமா சார்?” என்றார். வேண்டாம் என்றேன்.

வதந்தி இப்போது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. பெண் வந்து பார்த்ததாகவும், வீட்டில் இவ்வளவு பல் இருப்பதைக் கண்டு பயந்து மறுத்துவிட்டதாகவும் மூன்றாம் மாடியில் பேச்சு. நான் திருத்தவில்லை. திருத்தினால் இன்னும் ஒரு மாடி ஏறும்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமை போய்விட்டன. பூ வருவது நிற்கவில்லை. டாக்டரின் தும்மலும் அவர் மனைவியின் ஏற்பாடும் அப்படியே இருக்கின்றன. யாருடைய பூ என்று தெரிந்த பிறகும் பல்செட்காரர் தண்டை வெட்டி, ஒன்றுக்கு ஒன்றரை கணக்கில் அடுக்கித்தான் வைக்கிறார். போன வாரம் பெட்டி வந்தபோது நான் அங்கே இருந்தேன். பூவை எடுத்து ஒருபக்கம் சாய்த்துவிட்டு, அடியில் இருந்த அச்சுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எல்லாம் எண் போட்டவை. வேறு ஆட்களுடையவை.

அந்த அம்மாவை நேற்று மருந்துக்கடையில் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், “தெரியும் சார், தெரியும். டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான்... எதுக்கு, யார் சொன்னாங்கன்னு கேட்டா முழுக் கதையையும் சொல்லணும். அளவு குடுத்துடறேன்னு சொல்லுங்க. பாக்கின்னு ஞாபகம் இருக்கு” என்றார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்.

பல்செட்காரரிடம் சொன்னேன். மெழுகு உருக்கிக்கொண்டே கேட்டார். “அவசரம் இல்லைன்னு சொல்லுங்க” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “ஆனா தேஞ்சுக்கிட்டே இருக்கும்னும் சொல்லுங்க” என்றார்.

அளவு இன்னும் வரவில்லை.